பந்தியில இன்னும் ஒரு இலை: ஐயரம்மா பதில்கள்

(எங்க வீட்டு ஐயா சபைப் போதகர், நாங்க ஐயர்னு சொல்லுவோம். போதகர் பொறுப்புல இருக்கிற சபை வட்டாரத்துக்குப் பேரு சேகரம். அவரு சேகரம் சேகரமா மாத்தலாகிப் போன 34 வருஷமும் நான் பார்சனேஜ், அதாவது போதகர் வீட்டு அடுப்படியில இருந்தவ. இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே விஷயமா இருந்துச்சு, சபையில ஆளை ஆள் கவனிக்கிறது குறைஞ்சு போச்சேங்கிற வருத்தம். அதனால இந்தத் தடவை மத்த கேள்விகளை ஒதுக்கி வச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதுறேன்.)

கேள்வி: ஸ்தோத்திரம் அம்மா. சொந்த ஊர் நாசரேத் பக்கம். வேலைக்காக சென்னை வந்து எட்டு மாசம் ஆச்சு. பக்கத்துல இருக்கிற பெரிய கோயிலுக்கு வாராவாரம் போறேன். வாசல்ல நிக்கிறவங்க சிரிச்சு பாட்டு நம்பர் போட்ட தாளைக் குடுப்பாங்க, அவ்வளவுதான். ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் பார்க்கிங்குக்குப் போயிருவாங்க. என் பேரு என்னன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. போன மாசம் ரூம்மேட் கூப்பிட்டான்னு ஒரு வீட்டு சபைக்குப் போனேன். ஜெபம் முடிஞ்சு சாம்பார் சாதம் குடுத்தாங்க, ரெண்டாவது வாரமே பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. அங்கேயே போயிரலாமான்னு இருக்கு. – வேளச்சேரியிலேர்ந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். எட்டு மாசம்னா முப்பது ஞாயித்துக்கெழமைக்கு மேல. அத்தனை வாரமும் ஒரு பையன் வந்து, உக்காந்து, பாடி, எந்திரிச்சுப் போயிருக்கான், ஒருத்தருக்கும் தெரியலைன்னா அது அந்த சபை வெக்கப்பட வேண்டிய விஷயம், நீ வருத்தப்பட்டதுல ஒரு தப்பும் இல்ல.

அந்த வீட்டுக்காரங்களையும் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆதி சபை அப்படித்தான இருந்துச்சு. ரோமர் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாரு, பேரு பேரா வரும், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தங்க வீட்டுலயே சபை வச்சிருந்தாங்க, காயுங்கிறவரைப் பத்திச் சொல்லும்போது பவுல் என்னையும் சபை எல்லாத்தையும் உபசரிக்கிறவர்னு எழுதுறாரு. ஒரு மனுசனை உலகம் முழுக்க ஞாபகம் வச்சிருக்க அது ஒண்ணு போதுமானதா இருந்திருக்கு பாத்தியா.

ஆனாலும் போறதுக்கு முன்னால மூணு காரியம் செஞ்சு பாரு. ஊர்ல உங்க சேகரத்து ஐயர்ட்ட சபை மாத்துற கடிதம் வாங்கிட்டு வா, அதை ஞாயித்துக்கெழமை கூட்டத்துல குடுக்காத, வாரத்துல ஒரு சாயங்காலம் பார்சனேஜுக்கே போயி குடு, அப்பதான் ஐயர் உக்காந்து பேசுவாரு, அந்த ஐயரம்மா ஒரு டம்ளர் காபியாவது தருவா. ரெண்டாவது, எட்டரை மணி ஆராதனைக்குப் போகாம காலையில முதல் ஆராதனைக்குப் போ, அதுல கூட்டம் கம்மி, வயசானவங்கதான் ஜாஸ்தி வருவாங்க, அவங்க உன்னை விட மாட்டாங்க, எந்த ஊரு, யாரு மகன், சாயர்புரத்துல இன்னாரைத் தெரியுமான்னு கேட்டுக் கடைசியில சொந்தக்காரனே ஆக்கிருவாங்க. மூணாவது, பாட்டுக் குழு. குரல் எப்படி இருந்தாலும் பரவால்ல, பிராக்டிஸ்க்குப் போனா ஒரு மாசத்துல பத்து பேரு பழக்கம். இவ்வளவும் செஞ்ச பிறகும் யாரும் உன்னைத் திரும்பிப் பாக்கலைன்னா சாம்பார் சாதம் குடுத்தவங்க வீட்டுக்கு நிம்மதியாப் போ, நான் உனக்காக ஜெபிச்சுக்கிறேன்.

இப்ப சபைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. நாங்க இருந்த ஒரு கிராமத்து சேகரத்துல கோயில்குட்டி ஒருத்தர் இருந்தாரு, மணி அடிக்கிறது, பெருக்குறது, விளக்கு போடுறது எல்லாம் அவரு வேலை. யாராவது புதுசா வந்தா ஐயாவுக்கு முன்னால அவருக்குத் தெரிஞ்சிரும். எப்படின்னு ஒருநாள் கேட்டேன். செருப்பைப் பாப்பேம்மான்னாரு. ஊர்க்காரங்க எல்லாரும் வாசப்படிக்கு நேரா குவியலா கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்துருவாங்க, புதுசா வந்தவங்க மட்டும் ஓரமா சுவத்தை ஒட்டி ஜோடி சேத்து வச்சிருப்பாங்க. அப்படி ஒரு ஜோடி தனியாக் கெடந்தா அவரு கடைசி பாட்டுக்கே வெளிய வந்து அந்தச் செருப்புகிட்ட நின்னுக்குவாரு, ஆளு வந்து செருப்பைப் போடும்போது வாங்க, எங்கேர்ந்து வாறீகன்னு ஆரம்பிச்சு நேரா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவாரு. இன்னைக்கு புதுசா வந்தவங்க எந்திரிச்சு நில்லுங்க, கை தட்டுவோம்னு மைக்ல சொல்றாங்களே, கூச்சப்படுற பிள்ளைங்க அதுக்கு பயந்தே அடுத்த வாரம் வர்றதில்ல. கடைசி ஆசீர்வாதம் முடிஞ்சு அஞ்சு நிமிஷம், தெரியாத ஒரு முகத்தைப் பாத்து மட்டும் பேசுறதுன்னு ஒவ்வொரு குடும்பமும் வச்சுக்கிட்டா போதும், அதுக்கு கமிட்டி எல்லாம் வேண்டாம்.

கேள்வி: அம்மா, எங்க சபையில வருஷா வருஷம் அசனம் நடக்கும். இந்த வருஷம் கமிட்டியில இருக்கிற இளைஞர்கள் கேட்டரிங் விட்டுரலாம், ஆளுக்கு டோக்கன் போட்டு ஜிபேல பணம் வாங்கிக்கலாம், அப்பதான் கணக்கு சுத்தமா இருக்கும்னு சொல்றாங்க. பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. கூட்டத்துல சண்டையே வந்துருச்சு. நீங்க என்ன சொல்றீங்க? – தூத்துக்குடி மாவட்டத்துலேர்ந்து ஒரு சபை மூப்பர்

பதில்: ஐயா, அசனம் பாக்காத வெளியூர்க்காரங்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பாங்க, அவங்களுக்காக ரெண்டு வரி. திருநெல்வேலி, தூத்துக்குடி சீமையில கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தா அதோட ஊருக்கே சோறு போடுறது வழக்கம், அதுக்குப் பேரு அசனம். வந்தவங்க எந்த சபை, எந்த மதம்னு யாரும் கேக்கிறதில்ல, கோயில் மணி கேக்குற தூரத்துல இருக்கிறவங்க எல்லாரும் வரலாம்.

சோறு எங்கேர்ந்து வரும்? எங்க மாமியார் காலத்துல அடுப்படியில ஒரு சின்ன மண்கலயம் இருக்கும், தினமும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து அதுல போட்டுருவாங்க, பிடி அரிசி காணிக்கைன்னு பேரு. வீட்டுல அளந்து போட்டாலே பத்தாத அரிசிதான், அதுலேர்ந்துதான் அந்தப் பிடியும் எடுப்பாங்க. பண்டிகை வரும்போது அதைக் கொண்டு வந்து கோயில்ல கொட்டுவாங்க. வசதி உள்ளவங்க ஆடு நேர்ந்து விடுவாங்க, ஒருத்தர் விறகு, ஒருத்தர் தேங்கா, ஒண்ணுமில்லாதவங்க தண்ணி சுமப்பாங்க. முந்தின ராத்திரி கோயில் வளவுல பொம்பளைங்க நாங்க வட்டமா உக்காந்து சின்ன வெங்காயம் உரிப்போம், கண்ணுல தண்ணி ஊத்தும், பாட்டும் நிக்காது, பேச்சும் நிக்காது. விடியக்காலையில ஆம்பளைங்க அண்டாவுல சோறு வடிச்சு புது ஓலைப்பாயில தட்டுவாங்க, இடுப்பளவு குவிஞ்சிருக்கும், மேல வெள்ளை வேட்டி போட்டு மூடியிருப்பாங்க, ஆவி மட்டும் வேட்டி வழியா வந்துக்கிட்டே இருக்கும். ஐயா அதுகிட்ட நின்னு ஜெபம் பண்ணுன பிறகுதான் முதல் கரண்டி. அந்த ஆட்டுக்கறிக் குழம்பு மணம் இதை எழுதும்போதே எனக்கு வருது.

இவ்வளவையும் எழுதுறதுனால பழசு எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல வரலை. பழைய காலத்துப் பந்தியில யாரு பக்கத்துல யாரு உக்காருறதுங்கிறதுக்கு பின்னால பெரிய கதையே இருக்கு, அதை மறைக்கக் கூடாது. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி இருக்கக் கூடாதுன்னு கடிதம் அனுப்பினப்ப தஞ்சாவூர் பக்கமும் வேப்பேரியிலயும் எத்தனையோ பேர் சபையை விட்டே வெளிய போனாங்க, சாதியை விடுறதுக்கு சபையை விடுறது அவங்களுக்கு லேசா இருந்துருக்கு. கத்தோலிக்க சகோதரங்க பக்கம் வடக்கன்குளத்துல 1872-ல கட்டின பெரிய கோயிலே ரெண்டு கையா பிரிஞ்ச மாதிரி, ஒரு சாதி ஒரு பக்கம் இன்னொரு சாதி இன்னொரு பக்கம் உக்காந்து ஒரே பீடத்தைப் பாக்குற மாதிரி கட்டுனாங்க, நடுவுல பிரிச்ச சுவரை 1910-ல தான் இடிச்சாங்க, அதுக்கும் கோர்ட் கேஸ் நடந்துச்சு. ஒரே ஆண்டவரைப் பாக்க முடிஞ்சது, ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியலை. அப்படிப்பட்ட சீமையில ஒரே பாயில வடிச்ச சோத்தை, ஒரே வரிசையில உக்காந்து, யாரு கையால பரிமாறினாலும் தின்னுறதுன்னா அது சாதாரண காரியம் கெடையாது. பிரசங்கத்துக்கு மடங்காத சில ஆட்கள் அசனப் பந்தியில மடங்கினதை நான் கண்ணால பாத்திருக்கேன். மடங்காம எழுந்து போனவங்களையும் பாத்திருக்கேன், அதையும் சொல்லத்தான் வேணும்.

இப்ப உங்க கேள்விக்கு வாறேன். கேட்டரிங் விடுறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. அண்டா தூக்க இப்ப ஊர்ல வாலிபப் பிள்ளைங்க எங்க இருக்காங்க, எல்லாம் கோயம்புத்தூர்லயும் பெங்களூர்லயும் இருக்காங்க, அறுபது வயசு ஆளுங்க நெருப்புகிட்ட நின்னு மயங்கி விழுந்துரக் கூடாது. சமையல்காரங்க சமைக்கட்டும். ஆனா டோக்கன் மட்டும் வேண்டாம் ஐயா, கையெடுத்துக் கேக்கிறேன். டோக்கன் வச்ச அன்னைக்கே பக்கத்து தெருவுல சாமி கும்பிடுற அக்கா பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர மாட்டா, ரோட்டு வேலைக்கு வந்தவங்க வர மாட்டாங்க, தூக்குவாளியோட வந்து படுக்கையில கெடக்குற புருசனுக்கு வாங்கிட்டுப் போற ஆச்சி வர மாட்டா. காசு குடுத்த 300 பேருக்குச் சாப்பாடு போட்டா அது கல்யாண மண்டபத்து டின்னர். பணம் ஜிபேல வாங்குங்க, தாராளமா வாங்குங்க, காணிக்கையா வாங்குங்க, வரவு செலவை நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, இளைஞர்கள் கேக்குற கணக்கு நியாயமான கேள்வி, பெரியவங்க அதுக்குக் கோவப்படக் கூடாது. பரிமாறுறதை மட்டும் கேட்டரிங் பையங்க கையில விட்டுராதீங்க. திருமண்டலக் கவுன்சில் (டி.சி.) மெம்பரும் டாக்டரும் ஹெட்மாஸ்டரும் வாளியைத் தூக்கட்டும். சபை எலக்ஷன்ல எதிர் எதிர் அணியில நின்னவங்களை ஒரே வரிசைக்கு சோறுக்கு ஒருத்தர் குழம்புக்கு ஒருத்தர்னு போட்டு விடுங்க.

கேள்வி: நான் இந்து. என் தோழி வீட்டு சபையில பண்டிகைக்குக் கூப்பிடுறா. ஆராதனையில அப்பமும் ரசமும் குடுப்பாங்களாமே, நானும் போய் வாங்கலாமா, வாங்கலைன்னா மரியாதைக் குறைவா நினைப்பாங்களா? – ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: வாம்மா, சந்தோஷமா வா. திருவிருந்துங்கிறது ஞானஸ்நானம் வாங்கி, அந்த விசுவாசத்துல தங்களை ஒப்புக்கொடுத்தவங்க எடுக்கிறது, எங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலயும் கத்தோலிக்க சபையிலயும் அதுதான் முறை. அந்த நேரம் நீ இருந்த இடத்துலயே உக்காந்திருக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, நெறைய சபையில கையைக் கட்டிக்கிட்டு முன்னால போனா ஐயர் தலையில கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்புவாரு, அதுக்கும் போகலாம், தோழியை முன்கூட்டியே கேட்டுக்கோ. வெளிய போடுற சாப்பாட்டுக்கு இந்த முறை எதுவும் கெடையாது, வயிறார சாப்பிடு.

கேள்வி: அம்மா, எங்க வீட்டுல வாராவாரம் வெள்ளிக்கெழமை ஜெபக்கூட்டம். இவரு சந்தோஷமா எல்லாரையும் கூப்பிடுவாரு, இருபது இருபத்தஞ்சு பேரு வருவாங்க. நான் ஸ்கூல் முடிஞ்சு அஞ்சரைக்கு வந்து, ஏழு மணிக்குள்ள எல்லாருக்கும் டிபன் செய்யணும். பாட்டு பாடும்போது நான் அடுப்படியில நிப்பேன், வசனம் பேசும்போது பாத்திரம் கழுவுவேன். போன வாரம் செய்தி குடுக்க வந்தவரு, இயேசு வீட்டுக்கு வந்தப்ப வேலையிலயே இருந்த மார்த்தாளைப் பத்திப் பேசுனாரு, வேலை வேலைன்னு ஓடாம அவ கூடப்பிறந்த மரியாள் மாதிரி இயேசு பாதத்துல உக்காரணும்னாரு. அதைக் கேட்டுக்கிட்டே சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தேன். அழுகையா வந்துச்சு. எனக்கு விசுவாசம் குறைஞ்சுருச்சா? – பேரு போட வேண்டாம், மதுரை

பதில்: மகளே, உனக்கு விசுவாசம் குறையலை, தூக்கம்தான் குறைஞ்சிருக்கு.

ஒரு நாள் எங்க வீட்டுக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்த பிறகு, சொல்லாம கொள்ளாம 14 பேரு வந்து எறங்குனாங்க, வேன் எடுத்துட்டு எங்கயோ போற வழியில ஐயரைப் பாத்துட்டுப் போவோம்னு. ஐயா வாங்க வாங்கன்னு உக்கார வச்சுட்டு உள்ள வந்து சத்தமில்லாம என்ன இருக்குன்னு கேட்டாரு. ஒரு டம்ளர் மோர் இருந்துச்சு. நான் பின்வாசல் படியில உக்காந்து முந்தானையை வாயில வச்சு அழுதேன். அப்ப அந்தக் கூட்டத்துல வந்த ஒரு வயசான அம்மா கை கழுவுற சாக்குல பின்னால வந்தவங்க என்னைப் பாத்துட்டாங்க. ஒண்ணுமே கேக்கலை, சேலையைத் தூக்கிச் செருகிட்டு உலையை அடுப்புல வச்சாங்க, வெளிய பாத்து ஒரு பையனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நீ தேங்கா துருவுன்னாங்க. அரை மணி நேரத்துல சோறும் துவையலும் ஆச்சு, எனக்கும் இலை போட்டாங்க. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச பாடம்தான் உனக்குச் சொல்றேன்.

1 பேதுரு நாலாம் அதிகாரத்துல முறுமுறுப்பில்லாம உபசரிங்கன்னு எழுதியிருக்கு, அதை பொம்பளைங்களுக்கு மட்டும் எழுதுனதா வச்சுக்கிட்டு நாம வாயை மூடிட்டு செய்யணும்னு அர்த்தம் பண்ணிட்டாங்க. முறுமுறுப்பு வர்றதே ஒரே ஆளு மேல பாரத்தை வைக்கிறதுனாலதான். பாரத்தைப் பிரிச்சா முறுமுறுப்பு தானா போகும். ஆபிரகாமைப் பாரு, மம்ரேயில மூணு பேரு வந்தப்ப சாராளை மாவு பிசையச் சொன்னாரு சரி, ஆனா அந்த நூறு வயசை நெருங்குன மனுசன் தானே மாட்டுக்கு ஓடி நல்ல கன்னைப் பிடிச்சு, வெண்ணெயும் பாலும் எடுத்து வச்சு, அவங்க சாப்பிடுற வரைக்கும் மரத்தடியில நின்னாருன்னு இருக்கு. வீட்டுக்காரரு நின்னு கவனிச்ச விருந்து அது. ஆதியாகமம் 18, உன் புருசனுக்கு இதை வாசிச்சுக் காட்டு.

அடுத்த வெள்ளிக்கெழமையிலேர்ந்து டிபன் வேண்டாம். சுக்கு காபி, ரெண்டு மேரி பிஸ்கட், போதும். காபியை இவரு போடட்டும். டம்ளர் கழுவ வாரம் ரெண்டு ஆம்பளைங்க பேரை எழுதி ஒட்டு, மொதல்ல சிரிப்பாங்க, மூணாவது வாரம் பழகிரும். டிபன் இல்லாததுனால யாராவது வராம போனா அவங்க டிபனுக்கு வந்தவங்கன்னு வச்சுக்கோ, நீ அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. ஏழு மணிக்கு நீ ஹால்ல பாயில உக்காந்திருக்கணும், உனக்கும் ஒரு பாட்டுப் புஸ்தகம் கையில இருக்கணும்.

அதோட இன்னொண்ணு. நம்ம திருநெல்வேலி திருச்சபை ஒரு பொம்பளை வீட்டு வாசல்லதான் தொடங்குச்சு. கணவனை இழந்த பிராமணப் பெண் குளோரிந்தா அம்மா, 1778-ல ஞானஸ்நானம் வாங்கி பாளையங்கோட்டையில சபையைக் கூட்டி 1785-ல கோயில் கட்டுனாங்க, பக்கத்துல தண்ணிக்குக் கிணறும் வெட்டுனாங்க, பாப்பாத்தியம்மா கிணறுன்னுதான் ஜனங்க சொல்லுவாங்க. அந்த அம்மா சபையை நடத்துனவங்க, சட்னி மட்டும் அரைச்சிருந்தா கோயில் வந்திருக்காது. உனக்கும் அந்த ஹால்ல ஒரு இடம் இருக்குன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

கேள்வி: கொரோனாவுக்கு அப்புறம் எங்கம்மா யூடியூப் லைவ்லதான் ஆராதனை பாக்குறாங்க, முட்டி வலி. நானும் அவங்க கூட உக்காந்து பாத்துருவேன். இது தப்பா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அம்மாவுக்குத் தப்பே இல்ல. 2020 மார்ச்சுல கோயில் கதவைச் சாத்தினப்ப அந்த சின்ன போன்தான் எத்தனை வயசானவங்களுக்கு கோயிலா இருந்துச்சு, உயிர்த்தெழுந்த பண்டிகையை வீட்டுக்குள்ள இருந்து கொண்டாடுனோமே, என் வயசுக்கு நான் அப்படி ஒரு ஈஸ்டர் பாத்ததில்ல. செப்டம்பர்ல கதவு திறந்தப்பவும் மாஸ்க்கோட, ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேரு. திருவிருந்துல எல்லாரும் ரசம் குடிக்கிற பொதுப் பாத்திரத்தை அப்ப நிறுத்துனாங்க, அது சில சபையில திரும்பி வரவே இல்ல, அப்பத்தை ரசத்துல தொட்டுக் குடுக்கிறாங்க, இல்லைன்னா சின்னச் சின்ன கப்பு. நோயாளிகளுக்கு அது நல்லதுதான், சரின்னு நான் ஏத்துக்கிட்டேன். ஆனாலும் ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் தண்ணி குடிக்காத காலத்துல ஒரே பாத்திரத்துல வாய் வச்சுக் குடிச்சவங்க நம்ம முன்னோர், அந்தப் பாத்திரத்தோட அருமை தெரியாம சின்னப் பிள்ளைங்க வளருதேன்னு மனசு கஷ்டப்படுது.

உனக்குத்தான் மகனே என் பதில் வேற. உனக்கு முட்டி நல்லா இருக்கு. லைவ்ல நீ மத்தவங்களைப் பாக்கலாம், அவங்க யாரும் உன்னைப் பாக்க முடியாது. உனக்கு ஒரு கஷ்டம்னா உன் முகத்தைப் பாத்துக் கேக்க அங்க ஆளு இல்ல, இன்னொருத்தர் கஷ்டத்தை நீ பாக்கவும் வழி இல்ல. அம்மாவுக்கு லைவைப் போட்டுக் குடுத்துட்டு நீ கோயிலுக்குப் போ, திரும்பி வரும்போது அம்மா வயசுல ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து அரை மணி நேரம் பேச விடு. ஐயர்ட்ட சொன்னா திருவிருந்தை வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாரு, அது அவரு கடமை, கேக்கத் தயங்காத.

கேள்வி: துபாய்லேர்ந்து எழுதுறோம். 2022-ல இங்க வார விடுமுறை வெள்ளிக்கெழமையிலேர்ந்து சனி ஞாயிறுக்கு மாறினதுலேர்ந்து எங்க தமிழ் ஆராதனையும் மாறிருச்சு. ஒரே வளாகத்துல பல மொழி சபைங்க, ஒருத்தர் முடிச்சா அடுத்தவங்க வெளிய நிப்பாங்க, உக்காந்து பேசவே நேரமில்ல. வேலையாட்கள் தங்குற கேம்ப்ல இருக்கிற நம்ம தம்பிங்க சிலருக்கு ஞாயிறு லீவும் இல்ல. எப்படி உபசரிக்கிறது? – ஒரு குடும்பம்

பதில்: ஹால் இல்லைன்னா டிபன் பாக்ஸ் இருக்கே. ஞாயிறு வர முடியாத தம்பிங்ககிட்ட நீங்க போங்க, அவங்களுக்கு லீவு என்னைக்கோ அன்னைக்கு. கம்பெனி அனுமதி வாங்கிக்கோங்க. பிரியாணி பொட்டலத்தைக் குடுத்து போட்டோ எடுத்துட்டு வந்துராதீங்க, மாசத்துக்கு நாலே நாலு பேரு போதும், உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, போக வர வண்டி செலவை நீங்க ஏத்துக்கோங்க, தரையில உக்கார வச்சு ரசம், அப்பளம், மீன் குழம்புன்னு வீட்டுச் சாப்பாடு போடுங்க. ஊர்ல இருக்கிற அவங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு இங்க சாப்பிடுறான் பாருங்கன்னு காட்டுங்க. நான் ஒரு அம்மாங்கிறதால சொல்றேன், அந்த போன் வந்த ராத்திரி அவ நிம்மதியாத் தூங்குவா.

கேள்வி: கிறிஸ்மஸ் பலகாரம் கடையில வாங்கிக் குடுக்கலாமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: குடுக்கலாம். முந்திரிக்கொத்து சுட எல்லாருக்கும் கை வராது, நேரமும் இல்ல. ஆனா டெலிவரி பையன் கையில குடுத்து விடாத, நீயே தட்டுல வச்சு எடுத்துட்டுப் போயி அவங்க வீட்டுல பத்து நிமிஷம் உக்காரு.

கேள்வி: ஐயரம்மா, எங்க ஊரு திருப்பூர். பனியன் கம்பெனிக்கு ஜார்க்கண்ட், ஒடிசாவுலேர்ந்து வேலைக்கு வந்த பிள்ளைங்க கொஞ்ச பேரு எங்க கோயிலுக்கு வர்றாங்க. தமிழ் தெரியாது, கடைசி பெஞ்சுல உக்காந்து போறாங்க. சிலரு அவங்களுக்கு இந்தியில தனி ஆராதனை வச்சுக் குடுத்துரலாம், நம்ம ஆராதனையில கூட்டமாவும் இருக்குங்கிறாங்க. அது சரியா? – ஒரு சங்கத்துச் சகோதரி

பதில்: அவங்க மொழியில ஆராதனை வச்சுக் குடுக்கிறது ரொம்ப நல்லது, ஜெபம் தாய்மொழியிலதான் வரும். ஆனா நம்ம கண்ணுல படாம அனுப்பி வைக்கிறதுக்காக அதைச் செஞ்சா அது உபசரிப்பு இல்ல தங்கச்சி. இந்தி ஆராதனையும் வைங்க, மாசத்துல ஒரு ஞாயிறு ரெண்டு பேரும் சேர்ந்து திருவிருந்து எடுங்க, அன்னைக்கு ஒரு பாட்டு அவங்க மொழியில இருக்கட்டும், வேத வசனத்தை அவங்கள்ல ஒருத்தர் வாசிக்கட்டும், முடிஞ்சு எல்லாரும் ஒண்ணா சாப்பிடுங்க. பண்டிகைக்கு நம்ம பிள்ளைங்க மட்டும் மேடையில ஏறாம அவங்களையும் ஏத்துங்க. அந்தப் பிள்ளைங்க ஒண்ணும் நேத்து விசுவாசத்துக்கு வந்தவங்க இல்ல, ராஞ்சிக்கு ஜெர்மன் மிஷனரிங்க வந்தது 1845-ல, முண்டா, ஒராவோன் பழங்குடி ஜனங்களுக்குள்ள நாலஞ்சு தலைமுறையா கிறிஸ்தவங்க இருக்காங்க. அந்த ஊர்ல அவங்கப்பா மூப்பரா இருப்பாரு, இங்க கடைசி பெஞ்சு.

உங்க சபையில நம்ம தெக்கத்திச் சீமையிலேர்ந்து பிழைக்க வந்த குடும்பம் நெறைய இருக்கும், அவங்களுக்கு முதலூர்க் கதையை ஞாபகப்படுத்துங்க. சாத்தான்குளம் பக்கத்துல இருக்கு, இப்ப கேட்டா எல்லாரும் மஸ்கோத் அல்வாவைத்தான் சொல்லுவாங்க. அந்த ஊரு எப்படி உண்டாச்சு? கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்ததுக்காக வீட்டை இடிச்சு, அடிச்சு, ஊரை விட்டு விரட்டின ஜனங்களுக்கு நிக்க ஒரு இடம் வேணும்னு 1799-ல உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்ன நின்னு நிலம் வாங்கிக் குடியேத்தின ஊரு, அப்படி உண்டான முதல் ஊருங்கிறதால முதலூர். துணிமூட்டையோட வந்து நின்னவங்கதான் நம்ம தாத்தாவுக்குத் தாத்தா. அன்னைக்கு ஒரு ஆளு அவங்களுக்கு இடம் பாத்துக் குடுக்கலைன்னா இன்னைக்கு திருப்பூர் கோயில்ல நமக்கு முன் பெஞ்சு ஏது.

உடனே செய்ய வேண்டியது ஒண்ணு சொல்றேன். இந்த ஞாயிறு உங்க சங்கத்துல நாலு பேரு கடைசி பெஞ்சுல போயி அவங்க நடுவுல உக்காருங்க, அவங்களை எழுப்பி முன்னால கூட்டிட்டு வராதீங்க, நீங்க பின்னால போங்க. பாட்டுப் புஸ்தகத்துல எந்தப் பக்கம்னு விரலை வச்சுக் காட்டுங்க. மெட்டு தெரிஞ்ச பாட்டா இருந்தா அவங்க மொழியில அவங்க பாடுவாங்க, நம்ம ஞானப்பாட்டுல நெறைய மெட்டு அவங்களுக்கும் தெரியும். முடிஞ்சதும் பேரு கேட்டு, சரியாச் சொல்ல வர்ற வரைக்கும் ரெண்டு மூணு தடவை திருப்பிச் சொல்லிப் பழகிக்கோங்க. அடுத்த மாசம் எனக்கு எழுதும்போது எத்தனை பேரு பேரு தெரியும்னு எழுதுங்க, நான் எதிர்பாத்துக்கிட்டு இருப்பேன்.